கேஸ் தோத்தாச்சு, அடுத்து எந்த வழி: அப்பீலா, ரிவ்யூவா, எக்ஸ்பார்ட்டி மனுவா, பேசி முடிக்கறதா?

நம்ம சேலத்துல கேஸ் தோத்தவங்க அஸ்தம்பட்டி கோர்ட் கேட்டைத் தாண்டறதுக்குள்ள சொல்ற வசனம் ஒன்னுதான், "விட மாட்டேன், ஹைகோர்ட் வரைக்கும் போவேன்". கூட வந்த மாமா மச்சானெல்லாம் அதுக்கு தலையாட்டுவாங்க. முன்சீப் கோர்ட்ல தோத்துட்டு நேரா ஹைகோர்ட் போக முடியாதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, அங்கயே இருக்கற சப் கோர்ட்டுக்குத்தான் போகணும், அதுவும் அப்பீலாத்தான் போகணும்னு கட்டாயமும் இல்ல, சில கேஸுக்கு அப்பீல் போடறதே தப்பான வழி, அதே கோர்ட்ல ஒரு சின்ன மனு போட்டா வேலை முடிஞ்சிருக்கும்.

நான் வக்கீல் இல்லீங்க, வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. கேஸ் கட்டு தூக்கறது, தீர்ப்பு நகல் கேட்டு காபி அப்ளிகேஷன் போடறது, பைலிங்ல ரிட்டன் ஆன பேப்பரை சரி பண்ணி திரும்பப் போடறது, இதான் பொழப்பு. அதனால சட்டம் இங்க கொஞ்சமாத்தான் வரும், எந்த வழிக்கு எவ்வளவு நாள், எவ்வளவு பணம், எதை எங்க கேட்டா கிடைக்கும்ங்கறதுதான் நிறைய வரும். உங்க கேஸுக்கு முடிவெடுக்கறப்ப உங்க வக்கீல் கிட்ட கட்டாயம் பேசிக்கங்க.

எந்த வழின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு, தீர்ப்பு சொன்ன அன்னிக்கோ மறுநாளோ தீர்ப்பு நகலுக்கும் டிகிரி (தீர்ப்போட முடிவை மட்டும் தனியா எழுதற கோர்ட் உத்தரவு) நகலுக்கும் காபி அப்ளிகேஷன் போட்டுடறது. ஈகோர்ட்ஸ் ஆப்ல தீர்ப்பைப் படிச்சுக்கலாம், ஆனா அப்பீலுக்கு கோர்ட் முத்திரை போட்ட சான்று நகல்தான் வேணும். முன்சீப் கோர்ட் தீர்ப்பு மேல சப் கோர்ட்டுக்கோ, சப் கோர்ட் தீர்ப்பு மேல மாவட்ட கோர்ட்டுக்கோ போக 30 நாள், ஹைகோர்ட்டுக்குப் போக 90 நாள். நகல் வாங்கறதுக்கு ஆன நாளை இந்தக் கணக்குல கழிச்சுக்கலாம், லிமிடேஷன் சட்டம் 12வது பிரிவு அதைச் சொல்லுது. இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. நகலை வாங்கித் திருப்பிப் பாருங்க, பின்னாடி ஒரு சீல் இருக்கும், அதுல அப்ளிகேஷன் போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டின தேதி, நகல் ரெடியான தேதி, நகல் கொடுத்த தேதின்னு வரிசையா பேனாவுல எழுதியிருப்பாங்க. நகல் ரெடின்னு போர்டுல ஒட்டினப்புறம் நீங்க மெதுவா ரெண்டு வாரம் கழிச்சு ஆத்தூர்லேர்ந்து பஸ் ஏறி வந்து வாங்கினா அந்த ரெண்டு வாரம் உங்க கணக்குலதான் சேரும், கழிக்க மாட்டாங்க. ஸ்டாம்ப் கேட்டு நீங்க கட்டாம விட்ட நாளும் அதே மாதிரிதான். அப்பீலை ஏத்துக்கிட்டு நம்பர் போடுவாங்களா, இல்ல டிலே மனுவோட, அதாவது நாள் தவறினதை மன்னிக்கச் சொல்லி கேக்கற மனுவோட சேர்ந்து தொங்குமான்னு தீர்மானிக்கறது இந்த அஞ்சு தேதிதான், அதனால ஆபீஸ்ல கட்டு வந்ததும் நான் தீர்ப்பைப் புரட்டறதுக்கு முன்னாடி அதோட முதுகைத்தான் பாக்கறது.

சரி, இப்ப வழிகளுக்கு வரேன். நீங்க எப்படி தோத்தீங்கன்னு உங்களையே கேளுங்க, அதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

நீங்க கோர்ட்டுக்கே போகாம தோத்திருந்தா, அதாவது சம்மன் வரல, வந்தும் வாய்தாவுக்குப் போகல, எக்ஸ்பார்ட்டின்னு தீர்ப்பாயிடுச்சுன்னா, அப்பீல் போடாதீங்க, போட முடியும், சட்டத்துல இடம் இருக்கு, ஆனா போடாதீங்க. அப்பீல் கோர்ட் கீழ் கோர்ட் கட்டுல என்ன இருக்குன்னுதான் பாக்கும், அந்தக் கட்டுல உங்க சாட்சி கிடையாது, உங்க டாக்குமென்ட் கிடையாது, எதிராளி சொன்னது மட்டும்தான் இருக்கு, அதை வெச்சு எப்படி ஜெயிப்பீங்க? அதுக்குப் பதிலா அதே கோர்ட்ல சிபிசி (சிவில் கேஸ் நடத்தற முறையைச் சொல்ற சட்டம்) ஆர்டர் 9 ரூல் 13ல எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து பண்ணுங்கன்னு மனு போடறதுதான் சரி. 30 நாள் டைம், சம்மன் உங்க கைக்கு முறைப்படி வந்து சேரலைன்னா தீர்ப்பு விஷயம் உங்களுக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்து 30 நாள். வீடு மாறிட்டேன், கதவுல ஒட்டிட்டுப் போனது வேற அட்ரஸ்னு காட்டறதுக்கு வாடகை அக்ரிமெண்டோ கேஸ் சிலிண்டர் புக்கோ ஏதாவது ஒன்னு கையில வேணும், சும்மா "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் எழுதினா ஜட்ஜ் நிமிர்ந்துகூட பாக்க மாட்டார். மனு ஏத்துக்கிட்டா பெரும்பாலும் காஸ்ட் கட்டுங்கன்னு ஒரு தொகை போடுவாங்க, பணக் கேஸா இருந்தா ஒரு பகுதியை டெபாசிட் பண்ணச் சொல்லுவாங்க, கட்டிட்டு கேஸை மொதல்லேர்ந்து நடத்திக்கலாம். மனு தள்ளுபடி ஆனாலும் அந்த உத்தரவு மேல அப்பீல் இருக்கு, ஆர்டர் 43ல வரும். ஆனா அவசரப்பட்டு மொதல்ல மெயின் அப்பீல் போட்டு அது தள்ளுபடி ஆயிடுச்சுன்னா இந்த ரூல் 13 கதவு மூடிடும், திரும்பத் திறக்காது. அதனாலதான் வரிசை முக்கியம்ங்கறேன்.

அடுத்தது ரிவ்யூ. தீர்ப்பு சொன்ன அதே கோர்ட்டை திரும்பப் பாக்கச் சொல்றது, 30 நாள் டைம். ஆசையா கேக்கறாங்க, ஏன்னா மேல் கோர்ட் செலவு இல்லைன்னு நெனப்பு. என் அபிப்ராயம், நூத்துல தொண்ணூறு பேருக்கு ரிவ்யூ வீண். ஜட்ஜ் சாட்சியை நம்பினது தப்பு, சட்டத்தை தப்பாப் புரிஞ்சுக்கிட்டார்னு சொல்றதுக்கெல்லாம் ரிவ்யூ இல்ல. தீர்ப்பைப் படிச்ச உடனே கண்ணுல குத்தற மாதிரி தப்பு இருக்கணும், இல்ல எவ்வளவு முயற்சி பண்ணியும் அப்ப கிடைக்காத முக்கியமான ஆதாரம் புதுசா கிடைச்சிருக்கணும். இன்னொரு சங்கடம், ரிவ்யூ போட்டுட்டு ஆறு மாசம் வாய்தா நடந்துட்டிருக்கும், அப்பீலுக்கான 30 நாள் அந்தப் பக்கம் ஓடி முடிஞ்சிருக்கும், ரிவ்யூ தள்ளுபடி ஆனா அந்த உத்தரவு மேல அப்பீலும் கிடையாது, அப்பறம் டிலே மனுவோட மேல் கோர்ட் வாசல்ல நிக்கணும். அப்பீல் போட்டுட்டு அதுக்கப்பறம் ரிவ்யூ போடலாம்னா அதுவும் ஆகாது.

ரிவ்யூவும் வேணாம் அப்பீலும் வேணாம்ங்கற ரகம் ஒன்னு இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. தீர்ப்பு உங்க பக்கம்தான், ஆனா டிகிரில சர்வே நம்பர் 112/2ன்னு இருக்க வேண்டியது 121/2ன்னு டைப் ஆயிருக்கு, இல்ல வட்டி கூட்டல்ல தப்பு, இல்ல அப்பா பேர் மாறியிருக்கு. இதுக்கு சிபிசி 152வது பிரிவுல திருத்த மனு ஒன்னு போட்டா போதும், எப்ப வேணாலும் போடலாம். சர்வே நம்பர் தப்போட டிகிரியை எடுத்துட்டு தாலுகா ஆபீஸ் போனா பட்டா மாத்தித் தர மாட்டாங்க, அதனால ஜெயிச்சவங்களும் டிகிரியை எழுத்து எழுத்தா ஒருதரம் படிச்சுடுங்க.

இப்ப மெயின் விஷயம், முதல் அப்பீல். சிபிசி 96வது பிரிவு. நான் இதுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கறேன்னா, உங்க கேஸோட உண்மை என்ன பொய் என்னன்னு முழுசா திரும்பப் பாக்கற கடைசி இடம் இதுதான். சாட்சி சொன்னது, டாக்குமென்ட், இடத்தைப் பாத்துட்டு வரச் சொல்லி கோர்ட் அனுப்பற வக்கீல் கமிஷனரோட ரிப்போர்ட், எல்லாத்தையும் அப்பீல் கோர்ட் புதுசா எடை போடலாம். இதுக்கு மேல ஹைகோர்ட்ல ரெண்டாவது அப்பீல்னா 100வது பிரிவு, அங்க கணிசமான சட்டக் கேள்வி இருந்தாத்தான் கேஸையே எடுப்பாங்க, "அந்த சாட்சி பொய் சொல்றான் ஐயா"ன்னு அங்க போய்ச் சொல்ல முடியாது, கீழ ரெண்டு கோர்ட்டும் ஒரே மாதிரி சொல்லிட்டா பெரும்பாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா சப் கோர்ட் அப்பீலை ஏனோதானோன்னு ஒரு மெமோ, அதாவது அப்பீல் மனு, எழுதிப் போட்டுட்டு, காசையும் தெம்பையும் ஹைகோர்ட்டுக்குன்னு சேத்து வெக்கறாங்க. தலைகீழா பண்றாங்க. செலவு பண்றதா இருந்தா இங்கயே பண்ணுங்க.

ஒரு மாதிரிக்கு ஏற்காடு மலையில நாகலூர் பக்கம் ஒரு காபி தோட்டத்தை எடுத்துக்கங்க. மேல் தோட்டத்துக்காரர் தலைமுறையா கீழ் தோட்டம் வழியா ஜீப் ஓட்டிட்டுப் போறார், கீழ் தோட்டம் கைமாறுது, புதுசா வாங்கினவர் கம்பி வேலி போட்டு கேட் பூட்டிடறார், பழம் பறிக்கற சீசன்ல மூட்டையை எப்படி இறக்கறது? வழிப் பாத்தியம் கேட்டு கேஸ். 20 வருஷமா தடையில்லாம உரிமையோட அனுபவிச்சதைக் காட்டணும். அட்வகேட் கமிஷனர் சர்வேயரோட மலையேறி வந்து அளந்து, சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல பழைய டயர் தடம் இருக்குன்னு ரிப்போர்ட்டும் பிளானும் கொடுத்திருக்கார், ஆனா தீர்ப்புல அந்த ரிப்போர்ட்டைப் பத்தி ஒரு வரிகூட இல்ல, வேற வழி இருக்குன்னு எதிராளி சொன்னதை மட்டும் நம்பி தள்ளுபடி. இந்த மாதிரி கேஸ் முதல் அப்பீலுக்குன்னே அளவெடுத்து தெச்சது. அப்பீலுக்கான காரணங்களை எழுதற கிரவுண்ட்ஸ்ல "தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் விரோதமானது"ன்னு எல்லாரும் எழுதற மொத வரியை எழுதிட்டு விட்டுடாதீங்க, கமிஷனர் ரிப்போர்ட் இந்த எக்சிபிட் நம்பர், இந்த பக்கத்துல இது இருக்கு, எதிர்த்தரப்பு சாட்சி குறுக்கு விசாரணைல "ஜீப் போனதைப் பாத்திருக்கேன்"னு ஒத்துக்கிட்டது இந்த பக்கம், இதையெல்லாம் கோர்ட் தொடவே இல்லைன்னு புள்ளி புள்ளியா எழுதச் சொல்லுங்க. மெமோவுல இல்லாததை அப்பறம் வாதத்துல புதுசா நுழைக்கறதுக்கு கோர்ட் அனுமதி கேக்கணும்.

அதே தோட்டக்காரருக்கு தீர்ப்புக்கப்பறம் பீரோ அடில தாத்தா காலத்து கிரயப் பத்திரம் கிடைக்குது, அதுல வழி எழுதியிருக்குன்னு வெச்சுக்கங்க. ரிவ்யூவா அப்பீலான்னு இப்பத்தான் உண்மையான குழப்பம். அந்த ஒரு பத்திரம் மட்டுமே கேஸை முழுசா புரட்டிப் போடும், வேற சண்டையே இல்லைன்னா ரிவ்யூ யோசிக்கலாம். வேற குறையும் தீர்ப்புல இருந்தா அப்பீலே போட்டு அது கூட ஆர்டர் 41 ரூல் 27ல கூடுதல் ஆதாரம் சேக்கற மனு போடறதுதான் எனக்கு சரியாப் படுது, ஏன்னா ரெண்டும் ஒரே இடத்துல விசாரணைக்கு வரும். ஆனா ரெண்டுலயும் ஒரே கேள்விதான் கேப்பாங்க, "இதை ஏன் அப்பவே கொண்டு வரல?" வீட்டுக்குள்ள இருந்த பத்திரத்தைத் தேடலைன்னா பதில் சொல்றது கஷ்டம். சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல நகல் கேட்டு மனு போட்டோம், அப்ப கிடைக்கலைன்னு காட்டற தாள் ஒன்னு இருந்தா கதையே வேற.

அப்பீல் போட்டாச்சுன்னா எல்லாம் நின்னுடும்ங்கற நெனப்பு ஒன்னு இருக்கே, அதை மொதல்ல விடுங்க. அப்பீல் நம்பர் ஆனதால மட்டும் டிகிரி நிக்காது. ஸ்டே மனு தனியா போடணும், உத்தரவு தனியா வாங்கணும். வாங்கலைன்னா எதிராளி ஈ.பி. (டிகிரியை நிறைவேத்தச் சொல்ற மனு) போட்டு, கோர்ட் ஊழியரான அமீனாவோட வீட்டு வாசல்ல வந்து நிப்பார், அப்ப "அப்பீல் பெண்டிங்ல இருக்கு"ன்னு கத்தினா அமீனாவுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. ஸ்டே கேக்கறப்ப பெரிய நஷ்டம் வரும், தாமதிக்காம வந்திருக்கேன், ஜாமீன் தரத் தயார்னு மூனையும் காட்டணும். பண டிகிரியா இருந்தா ஒரு பங்கை டெபாசிட் கட்டச் சொல்றது சகஜம், அதுக்கு காசு ரெடியா இல்லைன்னா ஸ்டே போயிடும், அப்பீல் மட்டும் தனியா ஓடிட்டிருக்கும். இதனாலதான் பணக் கேஸ்ல அப்பீல் போடலாமான்னு கேக்கறவங்க கிட்ட கோர்ட் பீஸோட டெபாசிட்டையும் சேத்து கணக்குப் போடுங்கன்னு சொல்றேன். கோர்ட் பீஸ் பத்தி ஒரு நல்ல விஷயம், முன்ன 7.5 சதவீதமா இருந்ததை 2017ல 3 சதவீதமா குறைச்சுட்டாங்க, அப்பீலுக்கும் அதே கணக்குதான், நீங்க அப்பீல்ல எவ்வளவுக்கு சண்டை போடறீங்களோ அந்தத் தொகைக்கு. மொத்தமும் கேக்காம ஒரு பகுதிக்கு மட்டும் அப்பீல் போட்டா பீஸும் அதுக்கு மட்டும்தான்.

அப்பீல்ல ஒரு ஆபத்தும் இருக்கு, யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. நீங்க கேட்டது பத்து, கிடைச்சது ஆறு, மீதி நாலுக்காக அப்பீல் போறீங்க. சும்மா இருந்த எதிராளி இப்ப நோட்டீஸ் வந்ததும் ஒரு மாசத்துக்குள்ள கிராஸ் அப்ஜெக்ஷன் போட்டு அந்த ஆறையும் கேள்வி கேக்கலாம். அவர் 30 நாளை எப்பவோ தவறவிட்டிருப்பார், நீங்களே கூப்பிட்டு கதவைத் திறந்து விட்டீங்க. அந்த ஆறு எவ்வளவு கெட்டியா நிக்குதுன்னு வக்கீல் கிட்ட மொதல்லயே கேட்டுட்டு அப்பறம் நாலுக்கு ஆசைப்படுங்க.

பாகப்பிரிவினை கேஸ்காரங்களுக்கு மட்டும் தனியா ஒன்னு. அங்க மொதல்ல ப்ரிலிமினரி டிகிரின்னு வரும், யாருக்கு எத்தனை பங்குன்னு அதுலயே முடிவாயிடும், அப்பறம் கமிஷனர் போய் அளந்து பிரிச்சதும் பைனல் டிகிரி. "இது முதல் கட்டம்தானே, பைனல் வரட்டும் அப்ப பாத்துக்கலாம்"னு அண்ணன் தம்பிங்க உக்காந்துக்குவாங்க. 97வது பிரிவு அதுக்கு இடம் கொடுக்காது, ப்ரிலிமினரி டிகிரி மேல அப்பவே அப்பீல் போடலைன்னா பைனல் டிகிரி அப்பீல்ல பங்கு தப்புன்னு பேசவே முடியாது. அக்கா தங்கச்சிக்கு பங்கு உண்டா இல்லையாங்கற சண்டையெல்லாம் முதல் கட்டத்துலயே முடியற சண்டை.

கேஸ் நடந்துட்டிருக்கறப்பவே நடுவுல வர்ற உத்தரவுங்க வேற ரகம். தற்காலிக தடை உத்தரவு கொடுத்தாலோ மறுத்தாலோ அது மேல சிஎம்ஏ, அதாவது சிவில் மிஸலேனியஸ் அப்பீல்னு ஒன்னு உண்டு. ஆனா கமிஷனர் போட மறுத்தாங்க, பிராது திருத்த விடல, சாட்சியைத் திரும்பக் கூப்பிட விடலைங்கறதுக்கெல்லாம் அப்பீல் கிடையாது, ஹைகோர்ட்ல சிஆர்பின்னு சிவில் சீராய்வு மனுதான், இப்பெல்லாம் பெரும்பாலும் அரசியல் சட்டம் 227வது பிரிவைச் சொல்லித்தான் போடறாங்க. என்னைக் கேட்டா இதுல பாதி போட வேண்டியதே இல்ல. கேஸை இழுக்கறதுக்குன்னே போடறவங்களை விடுங்க, நேர்மையா போடறவங்களும் யோசிங்க, அந்தக் குறையை முதல் அப்பீல்லயும் ஒரு கிரவுண்டா எடுக்க வழி இருக்கு, 105வது பிரிவு. கமிஷனர் இல்லாம கேஸே நிக்காதுங்கற நிலைமைன்னா மட்டும் சென்னை போங்க.

ஆமா, சென்னைதான். இதுலயும் நம்ம ஊர்ல குழப்பம் இருக்கு. பக்கத்துல இருக்கற கரூர், திருச்சி கேஸெல்லாம் 2004ல ஆரம்பிச்ச மதுரை கிளைக்குப் போகுது, சேலம், நாமக்கல் கேஸ் சென்னை ஹைகோர்ட்டுக்கேதான் போகணும், மதுரைல தெரிஞ்ச வக்கீல் இருக்கார்னு அங்க கொண்டு போக முடியாது. சேலத்து வக்கீல் கட்டை சென்னைல ஒருத்தருக்கு கொடுத்து விடுவார், ரெண்டு பீஸு. ரெண்டாவது அப்பீலுக்கு 90 நாள் டைம் இருக்கறதால நிதானமா சட்டக் கேள்வி என்னங்கறதை யோசிச்சுட்டு போங்க. பணம் வசூல் கேஸ்ல தொகை 25,000க்குள்ளன்னா ரெண்டாவது அப்பீலே கிடையாது.

மேல போனா என்ன வேணாலும் நடக்கலாம்ங்கறதுக்கு நம்ம எட்டு வழிச்சாலையே சாட்சி. சேலம் சென்னை 277 கிலோமீட்டர் ரோட்டுக்கு நிலம் எடுக்கற அறிவிப்பை 2019 ஏப்ரல் 8ல ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, ஊர்ல பட்டாசு வெடிச்சாங்க, அரசுத் தரப்பு சுப்ரீம் கோர்ட் போச்சு, 2020 டிசம்பர் 8ல அந்த ரத்து உத்தரவைப் பெருமளவு புரட்டிட்டு சட்டப்படி நிலம் எடுக்கற வேலையைத் தொடரலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா நிலத்தை எடுக்கறதுக்கு முன்னாடியே வருவாய் கணக்குல பேர் மாத்தினது செல்லாதுன்னு ஹைகோர்ட் சொன்னதை மட்டும் அப்படியே விட்டு வெச்சாங்க. ஒரே அப்பீல், பாதி போச்சு, பாதி நின்னுச்சு. அதுக்கு நேர் எதிரா பழைய கதையும் நம்ம ஊர்லயே உண்டு, சேலம் விஜயராகவாச்சாரியாருக்கு 1882 கலவரத்தைத் தூண்டிவிட்டார்னு பத்து வருஷம் தண்டனை போட்டாங்க, மனுஷன் விடாம போராடி நிரபராதின்னு நிரூபிச்சு வந்து, பின்னாடி 1920ல நாக்பூர் காங்கிரஸுக்கே தலைமை தாங்கினார்.

கிரிமினல் பக்கம் சுருக்கமா, ஆனா செக் கேஸ் மட்டும் கொஞ்சம் விரிவா, ஏன்னா செவ்வாய்ப்பேட்டைலயும் சிவதாபுரத்துலயும் வெள்ளி, கொலுசு வியாபாரத்துல செக் கேஸ் இல்லாத தெருவே இல்ல. மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனை கொடுத்தா செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள்ல அப்பீல். தீர்ப்பன்னிக்கே உள்ள அனுப்பிடுவாங்களோன்னு பயப்படாதீங்க, ஜாமீன்ல இருக்கறவருக்கு மூனு வருஷத்துக்குள்ள தண்டனைன்னா அப்பீல் போடற வரைக்கும் அதே மாஜிஸ்திரேட்டே தண்டனையை நிறுத்தி வெக்க முடியும், அதுக்கு அன்னிக்கே மனு ரெடியா கையில வெச்சிருக்கணும், ஜாமீன்தாரரையும் கூட்டிட்டுப் போங்க. அப்பீல்ல செக் கேஸ் சட்டத்தோட (மாற்றுமுறை ஆவணச் சட்டம்) 148வது பிரிவு காத்திட்டிருக்கும், 2018 திருத்தத்துல வந்தது, கோர்ட் விதிச்ச அபராதத்துலயோ நஷ்ட ஈட்டுலயோ குறைஞ்சது 20 சதவீதத்தை டெபாசிட் கட்டச் சொல்லலாம், 60 நாள் டைம், தகுந்த காரணம் காட்டினா இன்னொரு 30 நாள். செக் கையெழுத்து உங்களோடதுதான், சரக்கு வாங்கினதும் உண்மைதான்னா அப்பீலை விட சமரசம் மேல். செக் கேஸை எந்தக் கட்டத்துலயும் ராஜி பண்ணிக்கலாம், ஆனா மேல போகப் போக ராஜிக்கு கட்டற காஸ்ட் ஏறிட்டே போகும். செக் தொலைஞ்சு போய் யாரோ நிரப்பிட்டாங்க, லீகல் நோட்டீஸே சரியா வரலைங்கற மாதிரி நிஜமான பாயின்ட் இருந்தா அப்பீலை தைரியமா நடத்துங்க. செஷன்ஸும் தண்டனையை உறுதி பண்ணா ஹைகோர்ட்ல ரிவிஷன்ங்கற சீராய்வு மனுதான், 90 நாள். உள்ள இருக்கறவங்களுக்கு வக்கீல் வெக்க வசதி இல்லைன்னா சேலம் சென்ட்ரல் ஜெயில்லேர்ந்தே சூப்பரின்டென்டென்ட் மூலமா அப்பீல் அனுப்பலாம், வீட்டுல இருக்கறவங்க நகையை அடகு வெக்கறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கங்க.

மத்த கோர்ட்டுங்க ஒவ்வொன்னுக்கும் நாள் வேற வேற. நுகர்வோர் கமிஷன்ல மாவட்டத்துல தோத்தா மாநில கமிஷனுக்கு 45 நாள், பணம் கட்டச் சொன்ன உத்தரவுன்னா பாதியை டெபாசிட் பண்ணாத்தான் அப்பீலே எடுப்பாங்க. ஆக்சிடென்ட் நஷ்ட ஈடு கம்மின்னா ஹைகோர்ட்டுக்கு 90 நாள். குடும்ப நல கோர்ட்டுக்கு 30 நாள்னே மனசுல வெச்சுக்கங்க.

கடைசியா பேசி முடிக்கறது. இதைச் சொன்னா "அப்ப தோத்ததை ஒத்துக்கச் சொல்றியா"ன்னு கோவப்படறாங்க. அப்பீல் நம்பர் ஆனப்பறம் பேசறதுக்கும் அதுக்கு முன்னாடி பேசறதுக்கும் வித்தியாசம் இருக்குங்க, ஸ்டே கையில இருந்தா எதிராளியும் இறங்கி வருவார். அதனால சில கேஸுக்கு அப்பீல் போடறதே பேச்சுக்கு உக்கார வெக்கறதுக்காகத்தான், அதுல தப்பு ஒன்னும் இல்ல. மீடியேஷன்லயோ லோக் அதாலத்லயோ (மக்கள் நீதிமன்றம்) முடிஞ்சா கட்டின கோர்ட் பீஸ் திரும்ப வரும், வெளிய தனியா பேசி முடிச்சாலும் பீஸ் திருப்பித் தரணும்னு 2021ல சென்னை ஹைகோர்ட் சம்பந்தப்பட்ட கேஸ்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இந்த கோர்ட்டுக்கு வெளிய சமரசம்ங்கற சிபிசி 89வது பிரிவை எப்படி நடைமுறைப்படுத்தறதுன்னு நாடு முழுக்க இன்னிக்கும் மேற்கோள் காட்டற 2005 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு நம்ம சேலம் வக்கீல் சங்கம் போட்ட கேஸ்ல வந்ததுதான், கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஆனா ஜாக்கிரதை, லோக் அதாலத் உத்தரவு மேல அப்பீல் கிடையாது, சம்மதிச்சு வாங்கின டிகிரி மேலயும் கிடையாது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எத்தனை தவணை, எந்தத் தேதி, தவறினா என்னன்னு எழுத்துல இருக்கான்னு பாருங்க, "அதெல்லாம் பேசிக்கலாம் அண்ணே"ன்னு சொன்னா பேனாவை மூடிடுங்க.

எனக்கு எது எடுபடுதுன்னு வெளிப்படையா சொல்லிடறேன். எக்ஸ்பார்ட்டின்னா ரூல் 13 மனு, கண்ணை மூடிட்டு. நிலம், வழி, பங்கு சண்டைல ஆதாரம் கையில இருந்தும் கோர்ட் அதைத் தொடாம விட்டிருந்தா முதல் அப்பீல், கடன் வாங்கியாவது ஒழுங்கா. கையெழுத்து உள்ள புரோநோட்டு, கொஞ்சத் தொகைன்னா அப்பீல்ல ஒரு பிரயோஜனமும் இல்ல, வட்டிதான் ஏறும், தவணை பேசுங்க. கோவத்துல மட்டும் அப்பீல் போடறவங்களுக்கு நான் ஒரே ஒரு வேலை கொடுப்பேன், தீர்ப்பு நகலை எடுத்துட்டுப் போய் ஒரு ராத்திரி வீட்டுல உக்காந்து படிச்சு, எந்த பாரா தப்புன்னு பென்சில்ல கோடு போட்டுட்டு வாங்கன்னு. கோடு போட்டு வர்றவங்க கேஸ்ல விஷயம் இருக்கும், "எல்லாமே தப்பு"ன்னு வர்றவங்க கேஸ்ல பெரும்பாலும் இருக்கறதில்ல.

பழைய வக்கீலையே வெக்கறதா மாத்தறதான்னும் கேக்கறாங்க. கேஸை நடத்தினவருக்கு கட்டு தலைகீழா தெரியும், ஆனா தான் விட்ட ஓட்டையை தானே கிரவுண்ட்ஸ்ல எழுத மனசு வராது. தீர்ப்பை இன்னொரு வக்கீல் கிட்ட கொடுத்து ஒரு அபிப்ராயம் கேளுங்க, அப்பறம் முடிவு பண்ணுங்க. மாத்தறதா இருந்தா பழையவர் கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு புது வக்காலத்து போடணும். பீஸ் பாக்கின்னு கட்டை தர மாட்டேன்னு சொன்னா, பீஸுக்காக கட்சிக்காரரோட கட்டைப் பிடிச்சு வெச்சுக்கற உரிமை வக்கீலுக்கு இல்லைன்னு 2000லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, சண்டை போடாம இதை மட்டும் ஞாபகப்படுத்துங்க, பாக்கியையும் முடிஞ்ச வரைக்கும் கொடுத்துடுங்க. வக்கீலே வெக்க முடியாத நிலைமைன்னா கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, பெண்கள், எஸ்சி எஸ்டி மக்கள், மாற்றுத் திறனாளிகள், காவல்ல இருக்கறவங்களுக்கெல்லாம் வருமானம் பாக்காமலே வக்கீல் போட்டுத் தருவாங்க, அப்பீலுக்கும் உண்டு. போறப்ப சான்று நகல், பழைய வாய்தா சீட்டு, ஆதார் கொண்டு போங்க, 30 நாள் முடியற தேதியை தீர்ப்பு நகல் மேலயே பெருசா எழுதி வெச்சுட்டுப் போங்க, அங்க இருக்கறவங்க மொதல்ல கேக்கறது அதைத்தான்.